அப்புறம் அவருக்கு என்ன ஆனது? அறிவியல் புனைவுத் தொடர்களின் முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி ஆகிய மூன்றும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஒரு மெய்ப்புக்கும் அடுத்த மெய்ப்புக்கும் நடுவே வெளிநாட்டு அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது என் பழைய நோய். அச்சகத்துக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் கூடுகிறவர்கள், சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இனிமேல் கேட்பவர்களிடம் இந்தத் தாளை நீட்டிவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. முடிவுகளைப் பற்றிப் பேசுகிறபோது முடிவை மறைக்க முடியாது. எல்லாவற்றையும் உடைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

1. இதெல்லாம் மாயாஜாலப் படம் மாதிரிதானே, அண்ணாச்சி?

இல்லை. மாயாஜாலத்தில் ஓர் ஆள் மறைந்தால் மந்திரவாதி மறைத்தார், அவ்வளவுதான். அறிவியல் புனைவில் காரணம் சொல்லியாக வேண்டும்: விண்கலம், காலப்பயணம், வேற்றுக் கோள் உயிர், ஏதோ ஓர் இயந்திரம். அந்தக் காரணம் கற்பனையாக இருக்கலாம், ஆனால் கணக்கு உதைக்கக் கூடாது. இப்படிக் கணக்குப் பார்த்தே பழகிய ரசிகர்கள் கடைசி எபிசோடிலும் கணக்குப் புத்தகத்தோடுதான் உட்காருவார்கள். பாதித் தகராறு அங்கேதான் ஆரம்பம்.

2. சீரியலில் செத்தவருக்காக யாராவது துக்கம் காப்பார்களா?

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. தினமும் நான்கு சீரியல் பார்ப்பவர். நம் ஊர்த் தொடர்களில் ஒரு நடிகர் விலகிவிட்டால் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஓர் அட்டை காட்டுவார்கள். புதிய முகத்தோடு அதே மருமகள் அடுத்த நாள் அதே சமையலறையில் அதே சண்டையைத் தொடர்வாள். ஆங்கிலத் தொடர்களில் இந்த அட்டை வழக்கம் இல்லை. நடிகர் போனால் பெரும்பாலும் பாத்திரமும் போக வேண்டும். எப்படிப் போகிறது என்பதில்தான் வம்பு.

டாஷா யாரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் விண்கப்பலின் பாதுகாப்பு அதிகாரி. அந்த வேடத்தில் இருந்த டெனிஸ் கிராஸ்பி முதல் சீசனிலேயே விலக விரும்பினார். 1988-இல், தார்க்குழம்பு போன்ற ஒரு ஜந்து கையை உயர்த்தியது, டாஷா கீழே விழுந்தார், முடிந்தது. சண்டை கிடையாது, தியாகம் கிடையாது. கதையில் அவருக்கு அஞ்சலிக் கூட்டமெல்லாம் நடந்தது. ஆனாலும் பார்த்தவர்களுக்கு மனம் ஆறவில்லை. சாலையைக் கடக்கும்போது லாரி அடித்த மாதிரி ஒரு சாவு.

இரண்டு ஆண்டு கழித்து, 1990-இல், எழுதியவர்களே அதைத் திருத்தினார்கள். வரலாறு தடம் மாறிப்போன ஒரு எபிசோடில் டாஷா உயிரோடு இருக்கிறார். வேறொரு காலத்தில் தாம் அர்த்தமே இல்லாமல் செத்துப்போனதை அவர் அறிகிறார். அப்படியானால் இந்த முறை பயனுள்ள சாவாக இருக்கட்டும் என்று, அழியப்போகிற ஒரு கப்பலில் தாமே கேட்டு ஏறிக்கொள்கிறார். ரசிகர்கள் மனத்தில் இருந்த புகாரைப் பாத்திரத்தின் வாயிலேயே வைத்துவிட்டார்கள். நான் பார்த்த திருத்தங்களில் இதைவிட நேர்மையானது இல்லை. பெரியம்மா மட்டும், ‘அதற்கு ஒரு அட்டை போட்டிருக்கலாம்’ என்கிறார்.

3. கதையைப் பாதியில் நிறுத்த எப்படி மனம் வருகிறது?

மனத்துக்கு இதில் வேலையே இல்லை. அமெரிக்காவில் தொலைக்காட்சி நிறுவனம் பெரும்பாலும் ஒவ்வொரு சீசனாகத்தான் ஆர்டர் கொடுக்கும். அடுத்த ஆர்டர் வரட்டும் என்பதற்காக, எழுதுகிறவர்கள் சீசனின் கடைசி எபிசோடில் நாயகனை அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை, செட்டுக்கும் வரைகலைக்கும் செலவு அதிகம் என்றால் ஆர்டர் வராது. தொங்கியவர் தொங்கியபடியே இருப்பார்.

‘ஃபயர்ஃபிளை’ என்ற விண்கலத் தொடரின் கதை இன்னும் மோசம். 2002-இல் 14 எபிசோட் எடுத்தார்கள், 11 ஒளிபரப்பானது, அதுவும் வரிசை மாறி. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் முதல் பகுதியைக் கடைசியில் போட்டார்கள். பக்கம் மாற்றித் தைத்த புத்தகத்தை விற்றுவிட்டு, வாங்குபவர் குறைவு என்று கணக்கு எழுதியது போல இருந்தது. எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு பைண்டிங் போயிருந்தால் முதலாளி என்னை ஆற்றில் தள்ளியிருப்பார்.

4. எல்லோரும் ‘குவாண்டம் லீப்’ என்றாலே பெருமூச்சு விடுகிறீர்களே, அதில் அப்படி என்னதான் நடந்தது?

உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை. 1989 முதல் 1993 வரை 97 எபிசோட் வந்தது. சாம் பெக்கெட் ஓர் இயற்பியலாளர். தம் காலப்பயண இயந்திரத்தில் அவசரப்பட்டு நுழைந்துவிடுகிறார். அதன் பிறகு தம் ஆயுட்காலத்துக்குள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மனிதர்களின் வாழ்க்கைக்குள் தாவிக்கொண்டே இருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் வேறொருவர் முகம். அந்த மனிதரின் வாழ்க்கையில் தவறிப்போன ஒன்றைச் சரிசெய்தால்தான் அடுத்த தாவல். ஒவ்வொரு முறையும் இந்தத் தாவல் வீட்டுக்காக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறார். துணைக்கு ஆல் என்ற நண்பர், அவரும் முப்பரிமாணப் பிம்பமாக மட்டும்தான் வர முடியும். சாமைத் தவிர அநேகமாக யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்.

ஆலுக்கு ஒரு பழைய புண் இருக்கிறது. கடற்படை அதிகாரியாக வியட்நாமில் சிறைப்பட்டுக் கிடந்தபோது, செத்துவிட்டார் என்று நினைத்து மனைவி பெத் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது சீசனில் ஒருமுறை சாம் அந்தக் காலத்துக்கே போகிறார். ‘அவளிடம் ஒரு வார்த்தை சொல், நான் உயிரோடு இருக்கிறேன் என்று’ என ஆல் கெஞ்சுகிறார். விதி அனுமதிக்காது என்று சாம் மறுத்துவிடுகிறார். அந்த எபிசோடின் கடைசியில் பெத் தன் வீட்டில் தனியாக இசைத்தட்டுக்கு ஆடுகிறாள். அவளைத் தொட முடியாத, அவள் கண்ணுக்குத் தெரியாத ஆல் பக்கத்திலேயே நின்று அவளோடு ஆடுகிறார். கணவரோடு ஆடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது.

1993 மே 5 அன்று வந்த கடைசி எபிசோடில் சாம் அந்தக் கடனைத் தீர்க்கிறார். இந்த முறை தாமே விரும்பி பெத்திடம் போய், உன் கணவர் உயிரோடு இருக்கிறார், வந்துவிடுவார், காத்திரு என்கிறார். திரை இருள்கிறது. பெத் மறுமணம் செய்யவில்லை, ஆலுக்கும் அவளுக்கும் நான்கு பெண்கள் என்று எழுத்துகள் தோன்றுகின்றன. நமக்குக் கண் நிறைகிற நேரத்தில் கடைசி வரி வருகிறது: டாக்டர் சாம் பெக்கெட் வீடு திரும்பவில்லை. ஐந்து சீசன் ஊரார் வாழ்க்கையை எல்லாம் நேர்செய்தவருக்கு மிஞ்சியது ஒரு வரி. அந்த வரியிலும் பெயரில் எழுத்துப்பிழை! ஆங்கிலத்தில் பெக்கெட் என்று எழுதக் கடைசியில் இரண்டு ‘டி’ வேண்டும். ஒன்றுதான் இருந்தது. கண்ணீர் அஞ்சலியில் பெயரைத் தப்பாகப் போட்டால் அந்தக் குடும்பம் எப்படி வந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். நின்றிருக்கிறார்கள்.

5. ஹாரி கிம்முக்குக் கடைசிவரை பதவி உயர்வு கொடுக்காதது ஏன்? அவன் என்ன தப்பு செய்தான்?

கேட்டவர் என் அத்தான். ஓர் அலுவலகத்தில் பல வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவர். ஆகவே கேள்வியில் கொஞ்சம் சொந்தச் சூடு உண்டு.

‘ஸ்டார் டிரெக்: வாயேஜர்’ 1995 முதல் 2001 வரை ஏழு சீசன். பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் தூக்கி எறியப்பட்ட ஒரு கப்பல் வீடு திரும்பும் கதை. ஹாரி கிம் அதில் என்சைன் என்ற அடிமட்ட அதிகாரியாக ஏறினான், ஏழு ஆண்டு கழித்தும் என்சைன். அவனுடைய நண்பன் டாம் பாரிஸ் இடையில் உத்தரவை மீறியதால் பதவி இறக்கப்பட்டான். பிறகு ஒரு நாள் அவன் நாற்காலியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பழைய பதவியின் சின்னம் உள்ளே இருந்தது. என் நாற்காலியில் பெட்டி எதுவும் இல்லையே என்று ஹாரி சொல்வான். அந்த இடத்தில் அத்தான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

கடைசி எபிசோடில் ஹாரி கேப்டன் ஆகியிருக்கும் ஓர் எதிர்காலம் காட்டப்படுகிறது. கப்பலைச் சீக்கிரம் வீடு சேர்ப்பதற்காக வயதான கேப்டன் ஜேன்வே காலத்தில் பின்னோக்கிப் போய் அந்த எதிர்காலத்தையே அழித்துவிடுகிறார். வழங்கிய பதவி உயர்வு முன்தேதியிட்டு ரத்து. கப்பல் பூமியை நெருங்குகிறது, தொடர் முடிகிறது. ஏழு ஆண்டு காத்திருந்த அம்மா அப்பாவை ஹாரி பார்த்தானா, யார் அழுதார்கள், யார் வரவே இல்லை, எதுவும் கிடையாது. நெடும்பயணம் போனவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கதவைச் சாத்திய மாதிரி. ரசிகர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: இன்னும் ஒரு மணி நேரம், தரையில்.

6. டிரிப் டக்கர் செத்ததை யாருமே ஏற்கமாட்டேன் என்கிறீர்களே, அவர் தியாகம் செய்துதானே செத்தார்?

ஆமாம், கப்பலின் பொறியாளரான டிரிப் கேப்டனைக் காப்பாற்றத்தான் செத்தார். டாஷாவுக்கு இல்லாத காரணம் இவருக்கு இருந்தது. ஆனாலும் 2005-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: எண்டர்பிரைஸ்’ தொடரின் கடைசி எபிசோடை ரசிகர்கள் இன்றும் திட்டுகிறார்கள். காரணம், அந்தச் சாவை நாம் நேரே பார்க்கவில்லை. இரு நூற்றாண்டு கழித்து வாழும் வேறொரு தொடரின் அதிகாரி ரைக்கர், தம் சொந்தக் குழப்பத்துக்கு விடை தேடி ஓட்டிப் பார்க்கும் வரலாற்றுக் காட்சியாக அது வருகிறது. நான்கு ஆண்டு கூடவே வந்த மனிதரின் மரணம் வேறொருவருக்கு எடுத்துக்காட்டுப் பாடம் ஆகிவிட்டது. நம் வீட்டுத் துக்கத்தில் பக்கத்து ஊர்க்காரர் வந்து தம் கதையைப் பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

பின்னால் வந்த நாவல்களில், அந்த மரணமே ஒரு ரகசியப் பணிக்காகச் செய்த நாடகம் என்று மாற்றினார்கள். என் அக்காள் மகன் அந்த நாவல் கட்சி. நான் இல்லை. செத்தது இருக்கட்டும், அவரைப் பெயர் சொல்லி வழியனுப்பியிருக்கலாம் என்பதே என் புகார்.

7. எல்லோரும் பிழைத்தார்கள், சுபம் என்று முடித்தால் உங்களுக்குத் திருப்தியா?

இதுதான் எங்களைப் பற்றிய பெரிய தப்பெண்ணம். சுபம் வேண்டும் என்று யாரும் அழவில்லை. ‘பேபிலான் 5’ என்பது ஒரு விண்வெளி நிலையத்தின் கதை. அதன் கடைசி எபிசோட் முழுக்க ஒரு மரணத்தைப் பற்றியது. தமக்கு விதிக்கப்பட்ட இருபது ஆண்டு முடிகிறது என்று தெரிந்த நாயகன் ஷெரிடன், பழைய நண்பர்களை அழைத்து விருந்து வைத்து, மனைவியிடம் சொல்லிக்கொண்டு, தனியே விண்கலத்தில் போகிறார். அந்த விண்வெளி நிலையத்தையும் மூடுகிறார்கள். கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் போகும் ஊழியராக நடித்தவர் யார் தெரியுமா? அந்தத் தொடரை உருவாக்கி, 110 எபிசோடில் 92-ஐத் தம் கையாலேயே எழுதிய ஸ்டிராசின்ஸ்கி. கடை முதலாளி தாமே ஷட்டரை இறக்கிப் பூட்டியது போல. நான்காவது சீசனோடு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து இதை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். ஐந்தாவது சீசன் கிடைத்ததும் பத்திரமாக எடுத்துவைத்து, 1998 நவம்பரில் போட்டார்கள். அழாதவர் இல்லை, குறைசொன்னவரும் அதிகம் இல்லை.

எதிர்ப்பக்கம் ‘பிளேக்ஸ் 7’. 1978 முதல் 1981 வரை வந்த பிரிட்டிஷ் தொடர், 52 எபிசோட். கடைசியில், தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று தப்பாக எண்ணி, கலகக் குழுவின் தலைவர் பிளேக்கை அவருடைய தோழன் ஏவனே சுட்டுவிடுகிறான். அடுத்து ஒவ்வொருவராக விழுகிறார்கள். காவலர்கள் சூழ்ந்து நிற்க, ஏவன் துப்பாக்கியை உயர்த்தி மெல்லச் சிரிக்கிறான். திரை இருண்ட பிறகு வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இது ஒளிபரப்பானது 1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்ன என்று எழுதுவதே அந்தத் தொடரின் ரசிகர்களிடையே தனி இலக்கிய வகையாகிவிட்டது. இவ்வளவு கொடூரமான முடிவையும் பலர் கொண்டாடுகிறார்கள். நானும்தான். அவர்கள் யாரும் மறக்கப்பட்டுச் சாகவில்லை.

8. ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் ஸ்டார்பக் யார்? தேவதையா, ஆவியா?

2009-இல் முடிந்த தொடர். ஒருமுறை செத்துத் திரும்பி வந்த விமானி, கடைசி எபிசோடில் பேசிக்கொண்டிருக்கும்போதே புல்வெளியில் மறைந்துவிடுகிறார். விளக்கம் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டு உடைத்த முடிவு இது. மொட்டைமாடியில் இந்தப் பேச்சுக்குத் தடை உண்டு. போன முறை ஒரு நாற்காலி உடைந்தது.

9. ரசிகர்கள் கேட்டதால் முடிவு மாறியது உண்டா? நடக்கிற காரியமா இது?

நடந்திருக்கிறது. முதல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரை இரண்டாவது சீசனோடு நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். 1968-இல் மூன்றாவது சீசன் வந்தது. ‘பார்ஸ்கேப்’ தொடர் 2003-இல் நின்றபோது, நாயகன் படகில் தன் காதலிக்கு மோதிரம் அணிவிக்கிறான், வானிலிருந்து வந்த ஒரு கலம் இருவரையும் சில்லு சில்லாக நொறுக்குகிறது, ‘தொடரும்’ என்று போட்டார்கள். ரசிகர்கள் விட்டார்களா? 2004-இல் குறுந்தொடர் ஒன்று வந்தது. கடலடியில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி இருவரையும் உயிர்ப்பித்துக் கல்யாணமும் செய்துவைத்தார்கள். ‘சென்ஸ்8’ 2017-இல் நிறுத்தப்பட்டு, எழுந்த கூச்சலால் 2018-இல் இரண்டரை மணி நேர முடிவு பெற்றது. ‘தி எக்ஸ்பான்ஸ்’ 2018-இல் ஒரு சானல் கைவிட்டு இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது.

கடிதம் இல்லாமல் நடிகரே மாற்றியதும் உண்டு. ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ 1999-இல் முடிந்தபோது, கேப்டன் சிஸ்கோ காலத்துக்கு அப்பாற்பட்ட தெய்வ உயிர்களோடு போய்விடுகிறார். மனைவி கர்ப்பிணி. கறுப்பினத் தகப்பன் ஒருவன் கர்ப்பிணி மனைவியைத் திரும்பாமல் விட்டுப் போகிறான் என்ற படம் மனத்தில் பதியக் கூடாது என்று, அந்த வேடத்தில் நடித்த ஏவரி புரூக்ஸ் சொன்னார். உரையாடலை மாற்றி, திரும்பி வருவேன், எப்போது என்றுதான் தெரியாது என்று சேர்த்தார்கள். கதை ஒரு அங்குலம் நகரவில்லை. ஒரு வாக்கியம்தான் மாறியது. ஆனால் அதற்குப் பிறகு அது வேறு முடிவு.

10. எழுதியவர் எழுதியதுதானே கதை? ரசிகர்கள் எழுதும் முடிவு செல்லுமா?

இதைக் கேட்டவருக்கு நான் பதில் சொல்லவில்லை. கொடை நோட்டீஸ் மெய்ப்புப் பார்க்க வந்திருந்த ஒரு வில்லுப்பாட்டுப் புலவர் பதில் சொன்னார். நாங்கள் ‘குவாண்டம் லீப்’ பற்றி வாக்குவாதம் செய்வதை, பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, ‘கடைசியில் வாழி பாடினார்களா?’ என்றார். வில்லுப்பாட்டில் எவ்வளவு கொடுமையான கதையாக இருந்தாலும் வாழி பாடித்தான் இறங்க வேண்டும். பாடாமல் வில்லை அவிழ்த்தால் ஊர் விடாது. ‘அவர்கள் பாடவில்லை என்றால் கேட்டவர்கள் பாட வேண்டியதுதான்’ என்று சொல்லிவிட்டு, நோட்டீஸில் தம் பெயருக்கு முன்னால் இருந்த பட்டத்தில் ஒற்றெழுத்து விடுபட்டதைக் காட்டினார். என் கண்ணுக்குத் தப்பியது.

அவர் பாடும் கதைகளில் ஒன்று முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களை மணக்க எல்லாவற்றையும் துறந்து, தோல் வேலை பழகியவன். மாடு களவாட வந்தவர்களோடு போரிட்டு மாண்டான். இரு மனைவியரும் தீப்பாய்ந்தார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பட்டவராயனாக அவன் நிற்கிறான், சன்னதியில் கட்டித் தொங்குவது செருப்பு. தோல் செருப்புக் காணிக்கை. அடுத்த முறை போய்ப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும் என்பார்கள், இரவில் அவன் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறானாம். என் ஆச்சி ஒரு செருப்பைத் திருப்பிக் காட்டி, ‘குதிகாலைப் பார், நடந்திருக்கிறான்’ என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. குதிகால் தேய்ந்துதான் இருந்தது. இதைக் கேட்டு வளர்ந்தவனிடம் போய் ரசிகர் முடிவு செல்லுமா என்று கேட்கலாமா?

11. அப்படியானால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிறீர்களா?

மாட்டிவிட்டுவிட்டீர்கள். இதே முத்துப்பட்டன் கதையைச் சிலர் மாற்றிப் பாடினார்கள்: பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள்தாம், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று. பேராசிரியர் நா. வானமாமலை இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஒரே வரியில் கதையின் முதுகெலும்பு போய்விட்டது. அவன் எதைத் துறந்தான், எதற்காகச் செத்தான் என்பதெல்லாம் அர்த்தமற்றதாகிவிட்டது. இதுவும் கேட்டவர்களைத் திருப்திப்படுத்தச் செய்த திருத்தம்தான்.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. செருப்பு வைத்தவர்கள் பட்டன் செய்ததில் எதையும் அழிக்கவில்லை. குலத்தை மாற்றியவர்கள் அழித்தார்கள். ரசிகர் எழுதும் முடிவுகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. டிரிப் சாகவே இல்லை என்ற நாவலில் எனக்கு ஒப்புதல் இல்லாததற்கும் இதுதான் காரணம். அந்த மாடிப்படியில் அவர் எடுத்த முடிவு, எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும், அவருடையது என்று நினைக்கிறேன். (அக்காள் மகன் இந்தப் பத்தியை நீக்கச் சொன்னான். முதலில் அங்கே மாடிப்படியே இல்லை, நானாகக் கற்பனை செய்துகொண்டேன் என்றும் சொன்னான். இருக்கலாம். ஒவ்வொருவர் நினைவிலும் ஒரு செட்.)

12. பல வருடம் கழித்துப் பழைய ஆட்களைத் திரும்பக் கொண்டுவருகிறார்களே, அது நல்லதா கெட்டதா?

ஆளைப் பொறுத்தது. ‘வாயேஜர்’ முடிந்தபோது செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணுக்கு அவசரமாக ஒரு காதலைக் கட்டிவைத்து அனுப்பினார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை. ‘ஸ்டார் டிரெக்: பிக்கார்ட்’ தொடரில் அவரைத் திரும்பக் கொண்டுவந்து, 2023-இல் கேப்டன் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அத்தானைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். பிரிட்டிஷ் காலப்பயணத் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் நாயகனின் பயணத்தோழி டோனா நோபிளின் நினைவை 2008-இல் அழித்தார்கள். பிரபஞ்சம் முழுக்கச் சுற்றியதை அவள் மறந்தால்தான் பிழைப்பாள் என்ற நிலை. செத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பதினைந்து ஆண்டு கழித்து, 2023-இல், அந்தப் பாரத்தை அவளும் அவள் மகளும் பகிர்ந்துகொண்டதால் நினைவும் திரும்பியது, உயிரும் நின்றது. காத்திருந்தவர்களுக்கு வட்டியோடு கிடைத்தது.

கெட்டதும் உண்டு. 2-ஆம் கேள்வியில் டாஷாவின் திருத்தத்தைப் புகழ்ந்தேனே, 1991-இல் அதையும் கெடுத்தார்கள். அந்தக் கப்பலில் அவர் சாகவில்லை, ரோமுலன்கள் என்ற எதிரி இனத்திடம் சிறைப்பட்டு, ஒரு மகளைப் பெற்று, தப்ப முயன்றபோது அந்த மகளே காட்டிக்கொடுக்கக் கொல்லப்பட்டார் என்று சொல்லிவிட்டார்கள். டாஷாவோடு அதே கப்பலில் இருந்த டேட்டா என்ற இயந்திர மனிதரோ 2002-இல் செத்து, 2020-இல் முறையாக விடைபெற்று மறுபடி செத்து, 2023-இல் எழுந்து வந்துவிட்டார். அந்த இரண்டாவது சாவு அருமையான காட்சி. அதற்கு நான் அழுத அழுகை வீணானது.

13. தமிழில் இப்படித் தொடர்கள் ஏன் அதிகம் இல்லை?

செலவு. வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. இந்தியில் தூர்தர்ஷன் 1989-இல் ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’, 1998-இல் ‘கேப்டன் வியோம்’ என்று முயன்றது.

14. முடிவே இல்லாத தொடரை நான் ஏன் பார்க்க வேண்டும்?

பார்க்க வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சண்டைக்கு வரமாட்டேன். முழுதாக முடிந்தது மட்டும் வேண்டும் என்பவர்கள் ‘பேபிலான் 5’ எடுத்துக்கொள்ளுங்கள், முதல் சீசன் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். 26 எபிசோடில் முடிந்துவிடும் ஜெர்மன் தொடர் ‘டார்க்’ இருக்கிறது. பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வம்சாவளி எழுதினால்தான் புரியும். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் யார் யாருக்கு என்ன முறை என்று கண்டுபிடித்துப் பழகியவர்களுக்குச் சுலபம்.

15. சரி, ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்று உங்களிடம் கொடுத்தால் எதை மாற்றுவீர்கள், அண்ணாச்சி?

அத்தான் ஹாரி கிம் நாற்காலியில் ஒரு பெட்டியை வைக்கச் சொல்கிறார். அதையும் செய்யலாம். ஆனால் ஒன்றுதான் என்றால் 4-ஆம் கேள்விக்குத்தான் போவேன். சாமை வீட்டுக்குக் கூட்டிவரமாட்டேன். அவர் திரும்பாததுதான் அவர் கொடுத்த விலை, அதை அழித்தால் பெத்துக்கு அவர் செய்ததன் மதிப்புப் போய்விடும். 2022-இல் அதே பெயரில் புதிய தொடர் ஆரம்பித்து 2024-இல் நின்றது, அதிலும் சாமாக நடித்த ஸ்காட் பகூலா வரவில்லை, சாம் இன்னும் எங்கோதான் இருக்கிறார்.

என் கையில் சிவப்புப் பேனாவும் அந்தக் கடைசி அட்டையின் மெய்ப்பும் வந்தால், முதலில் விடுபட்ட அந்த ‘டி’யைப் போடுவேன். பிறகு ‘வீடு’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு செருகல் குறி இட்டு, ஓரத்தில் ஒரு சொல் எழுதுவேன்: இன்னும்.